ஆளுக்கு ரெண்டு கிலோமீட்டர்

காளவாசலில் நாலேமுக்காலுக்கு ஒன்பது சைக்கிள்.
டீக்கடை பாய்லரை ஒட்டி நின்று
விரல்களை மடக்கி நீட்டி
எல்லோரும் எல்லோரிடமும் கேட்டோம்:
"மதுரையில இப்படிக் குளிருமா?"
பரிபூரணம் கேட்கவில்லை.
பெரியாஸ்பத்திரி இரவு டூட்டி முடித்து
நேராக வந்திருந்தாள்.
கம்பளிக் குல்லாய்மேல் ஹெல்மெட் உட்காரவில்லை என்று
குல்லாயைக் கழற்றிச் சட்டைக்குள்
நெஞ்சில் செருகிக்கொண்டாள்.

செக்கானூரணிவரை மிதித்ததாகவே நினைவில்லை.
சாலைதான் உருண்டது.
உசிலம்பட்டியில் இட்லிக்கு நின்றபோது
திரவியம் போனைப் பார்த்துச் சொன்னான்:
சராசரி வேகம் முப்பத்தொன்று.
"நாமளா?" என்றார் ஜெய்லானி.
நாம்தான்.
சந்தையில் மாடு பிடிப்பவர்கள்போல
அவரவர் தொடையை அவரவர்
தட்டிப் பார்த்துக்கொண்டோம்.

ஆண்டிபட்டிக் கணவாய் மேட்டிலும்
யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.
யாரென்று ஒருவரும்
திரும்பிப் பார்க்கவில்லை.

தேனியில் திரும்பினோம்.
அங்கே நின்றிருந்தது வாடை.
எழுபத்தைந்து கிலோமீட்டர் எங்களைச் சுமந்து வந்தது
இப்போது கூலி கேட்டது.

காதுக்குள் கேட்டது. பல்லிடுக்கில் கேட்டது.
கையுறைத் தையலுக்குள் புகுந்து
நகக்கண்ணில் கேட்டது.
பத்து மணிக்கும் வெயில் இல்லை,
வானம் அலுமினியச் சட்டி.
தூரத்துக் காற்றாலைகள் எல்லாம்
நாங்கள் போகும் திசைக்கே முகம் காட்டி நின்றன.
அவற்றுக்கு இது சம்பளம்.

ஜெய்லானி கத்தினார்:
"ஆளுக்கு ரெண்டு கிலோமீட்டர்!
முன்னாடி போறவன் காத்த வாங்கட்டும்,
மத்தவன் அவன் முதுகுல ஒட்டிக்க.
முடிஞ்சதும் விலகிக் கடைசிக்குப் போ."

எட்டு வருடமாக ஒரே ஆபீஸ்,
எதிரெதிர் மேசை. ஆனால்
திரவியத்தை நான் அறிந்தது அன்றுதான்.
இடது தோள்பட்டை கொஞ்சம் தாழ்வு.
வியர்வை காய்ந்து உப்பு வரைந்த கோடு.
பின்பையில் பாதி தின்று மடித்த வாழைப்பழம்.
அந்த முதுகுக்குப் பின்னால்
ஒரு முழ அகலத்துக்கு
காற்றே இல்லாத ஊர் ஒன்று இருந்தது.
நான் அங்கே குடியிருந்தேன்.

என் முறை வந்தது.
செயின் நழுவுகிறது என்றேன்.
நழுவவில்லை.
பரிபூரணம் ஒன்றும் சொல்லாமல்
என்னைத் தாண்டிப் போய்
என் இரண்டையும் சேர்த்து நாலு இழுத்தாள்.
அடுத்த முறையும் செயின்.
அடுத்த முறையும் அவள்.

கணவாய் இறக்கத்திலும் மிதிக்கவேண்டியிருந்தது.
(இறக்கத்தில் மிதித்தவனிடம்
வாடை என்றால் என்னவென்று கேளுங்கள்.)

உசிலம்பட்டி தாண்டி ஜெய்லானிக்குக் கெண்டைக்கால் இழுத்தது.
பரிபூரணத்தின் சைக்கிள்
வெள்ளைக்கோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
தூங்கித் தூங்கிப் போனது.
நான் முன்னால் போனேன்.

முன்னால் முதுகு இல்லை.
மீட்டரில் ஒன்பது.
வைக்கோல் லாரி ஒன்று கடந்தபோது
மூன்று விநாடி காற்று செத்தது,
பிறகு சேர்த்து வைத்து அடித்தது.
கண்ணில் தூசி. துடைக்கக் கை இல்லை.
பின்னால் எட்டுப் பேர் மூச்சு,
யாருடையது எது என்று பிரியாமல்.
"மெல்லப் போங்க, பரிபூரணம் விட்டுப்போறா!"
மெல்லப் போவது
அதைவிடக் கடினமாக இருந்தது.

"ரெண்டு தாண்டிருச்சு!" திரவியம் கத்தினான்.
கேட்கவில்லை.
எதிர்காற்றில் எதுவும் கேட்காது,
தெரிந்ததுதானே.
"நாலு!"
அதுவும் கேட்கவில்லை.

நாகமலை ஓரம் வந்ததும் சட்டென்று அமைதி.
சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது.
மலை அங்கே படுத்து
வடக்கிலிருந்து வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது,
முறை மாற்ற ஆள் இல்லாமல்.
வரிசை கலைந்து பக்கம் பக்கமாக வந்தோம்.
காலையிலிருந்து முதன்முதலாக முகங்கள்,
எல்லாம் சாம்பல் பூசி.

பரிபூரணம் என் அருகே வந்தாள்.
சட்டைக்குள்ளிருந்த குல்லாய் விளிம்பு
கழுத்தில் எட்டிப் பார்த்தது.
"செயின் சரியாயிருச்சா?"

"ம்" என்றேன்.

பெல்லை ஒருதரம் அடித்துவிட்டு
முந்திப் போனாள்.
எட்டு மணிக்கு டூட்டி.